கருவறையின் முதற் பணியாள்

நாங்கள் கணவனும் மனைவியுமாகச் சில ஆண்டுகளாய்ப் பங்குகளில் நடைபெறும் திருமண ஆயத்த வகுப்புகளுக்குச் சென்று இளையோரோடு உரையாடி வருகிறோம். அவ்வகுப்புகளில் எங்கள் பேச்சைக் கேட்டவர்களுள் சிலர், மணமாகிச் சில திங்கள் கழிந்த பின், எங்களை நினைவில் வைத்து இல்லம் தேடி வருவதுண்டு. மகிழ்ச்சியும் அச்சமும் கலந்த முகத்தோடு வரும் அவர்கள் கையில் பெரும்பாலும் ஒரு ஸ்கேன் அறிக்கை இருக்கும். "கருப்பைக்குள் சாக் தெரிகிறது, யோக் சாக் தெரிகிறது, கரு இன்னும் தெரியவில்லை, இரு வாரம் கழித்து மீண்டும் பார்க்கவும்" என்ற பொருள்பட அதில் சில வரிகள் இருக்கும். "அண்ணா, இது நல்ல செய்தியா, கெட்ட செய்தியா?" என்று அந்த இளைஞன் கேட்பான். அவன் மனைவி ஒன்றும் கேளாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

நாங்கள் மருத்துவர்கள் அல்லோம். ஆயினும் அந்த வரிகளின் முன் நாங்களே இருமுறை நின்றிருக்கிறோம். அந்நாள்களில் மருத்துவரிடம் கேட்டும், பின்னர் நூல்களைத் தேடிப் படித்தும் அறிந்துகொண்டவற்றை இம்மடலின் வாசகக் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம். 'யோக் சாக்' எனப்படும் அச்சிறு பை இன்னது செய்கிறது என்று அறிந்தால், காத்திருக்கும் நாள்களின் அச்சம் முற்றிலும் நீங்கிவிடாது. ஆனால் அந்தக் காத்திருப்புக்கு ஒரு பொருள் கிடைக்கும் என்பது எங்கள் துணிபு.

பெயரும் கணக்கும்

முதலில் பெயரைத் தெளிவாக்கிக்கொள்வோம். கோழி முட்டையில் மஞ்சட்கருவைச் சூழ்ந்திருக்கும் பைக்கு நிகரானது மனிதக் கருவிலும் உண்டு. அதனை 'மஞ்சட்கருப் பை' என மொழிபெயர்ப்பர். 'கருப்பை' என்னும் சொல்லோடு இது மயங்கக் கூடுமாதலால், இங்கே நாம் அதனைக் 'கருவுணவுப் பை' என்றே வழங்குவோம். கருவையும் அப்பையையும் உள்ளடக்கிக் கருப்பைக்குள் முதலில் தென்படும் நீர் நிறைந்த கூட்டினையே மருத்துவர்கள் சுருக்கமாகச் 'சாக்' என்கின்றனர். அதனைக் 'கருக்கூடு' என்போம்.

அடுத்து, வாரக் கணக்கு. கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்தே மருத்துவர்கள் வாரங்களை எண்ணுகின்றனர். கருத்தரிப்பது ஏறத்தாழ அதற்கு இரு வாரங்களுக்குப் பின்னரே. எனவே 'ஆறு வாரம்' என்று அறிக்கை கூறும்போது, குழந்தையின் உண்மை வயது ஏறக்குறைய நான்கு வாரம்தான். மாதவிலக்குச் சீராக வராத பெண்களுக்கு இக்கணக்கு இன்னும் ஒரு வாரமோ, இரண்டு வாரமோ முன்பின்னாகும். குடும்பங்களில் எழும் வீண் கலக்கத்தில் பெரும்பகுதி இந்தக் கணக்கை அறியாமையால் விளைவதே.

கருவுற்ற உயிரணு, ஏறத்தாழ ஆறாம் ஏழாம் நாளில் தாயின் கருப்பைச் சுவரில் பதியத் தொடங்குகிறது. இரண்டாம் வாரத்திலேயே கருவுணவுப் பை உருவாகத் தலைப்படுகிறது. அவ்வேளையில் கரு என்பது இரண்டு அடுக்குகளாலான ஒரு சிறு தட்டு, அவ்வளவே. தலை இல்லை, கை கால் இல்லை, இதயமும் இல்லை. வரவிருப்பவர் வந்து சேருமுன்னே வீட்டைக் கூட்டி மெழுகி, அடுப்பு மூட்டி வைக்கும் ஒரு வேலையாளைப் போல, இப்பை முந்திக்கொண்டு தன் பணியைத் தொடங்கிவிடுகிறது.

உட்புறமாகச் செய்யப்படும் ஸ்கேனில் ஏறத்தாழ ஐந்தரை வாரத்தில் இது கண்ணுக்குப் புலப்படும். வயிற்றின் மேலாகப் பார்த்தால் இன்னும் சில நாள்கள் ஆகும். கருமையான கருக்கூட்டினுள், ஓரமாக, ஒரு சிறு வெண்ணிற வளையம்; அதுவே கருவுணவுப் பை. கடுகளவில் தென்படத் தொடங்கி மிளகளவுக்கு வளரும். அதாவது 3 முதல் 5 மில்லிமீட்டர் குறுக்களவு. கருக்கூட்டினுள் முதலில் தெளிவாகக் காணப்படும் உறுப்பு இதுவே. கருப்பைக்குள் இவ்வளையம் தெரிந்துவிட்டால், கரு தங்கவேண்டிய இடத்தில்தான் தங்கியிருக்கிறது, கருக்குழாயில் தங்கிவிடவில்லை என்ற உறுதி மருத்துவருக்குக் கிடைக்கிறது. ஆகவே, கரு தெரியாமல் இப்பை மட்டும் தெரிவது தன்னளவில் கெட்ட செய்தி அன்று.

பண்டமில்லாத பண்டகசாலை

கோழியின் மஞ்சட்கரு ஒரு பண்டகசாலை. குஞ்சுக்கு இருபத்தொரு நாளைக்கு வேண்டிய உணவு அனைத்தும் அதில் அடங்கியுள்ளது. குஞ்சு பொரியும் தறுவாயில் எஞ்சிய மஞ்சட்கரு அதன் வயிற்றுக்குள் இழுத்துக்கொள்ளப்படுகிறது. ஒரு நாள் குஞ்சுகளைப் பெட்டியில் அடைத்துத் தீனியின்றி நெடுந்தொலைவு அனுப்ப முடிவதற்குக் காரணம் இதுவே என்பதை நாமக்கல், பல்லடம் பக்கத்துக் கோழிப் பண்ணையாளர் அறிவர். மனிதக் கருவின் பையிலோ மஞ்சட்கரு என்று சொல்லத்தக்கது ஏறக்குறைய ஒன்றுமில்லை. தெளிந்த நீர்மம்தான் உண்டு. இதனாலேயே, முன்னோர் விட்டுச்சென்ற பயனற்ற எச்சம் இது என்று ஒரு காலத்தில் கருதினோரும் உண்டு. அக்கருத்து இன்று நிலைக்கவில்லை.

கருவுற்ற நாள் முதலே குழந்தை தொப்புள்கொடி வழியாகத் தாயின் இரத்தத்திலிருந்து உணவு பெறுகிறது என்றே நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். நாங்களும் அவ்வாறே பள்ளியில் படித்தோம். உண்மை சற்று வேறு. தாயின் இரத்தம் நஞ்சுக்கொடிக்குள் தடையின்றிப் பாயும் ஏற்பாடு முதல் மூன்று மாதங்களின் இறுதியில்தான் முழுமை பெறுகிறது. அதுவரையில் கருப்பையின் உட்சுவரிலுள்ள நுண்சுரப்பிகள் கொழுப்பும் புரதமும் சர்க்கரையும் கலந்த ஊட்டநீரைச் சுரக்கின்றன. கருக்கூட்டைச் சூழ்ந்த திசு அதனை உறிஞ்சி உள்ளே அனுப்ப, கருவுணவுப் பை அதனை ஏற்றுப் பக்குவப்படுத்திக் கருவுக்கு வழங்குகிறது. கல்லீரல் இன்னும் தோன்றாத காலத்தில், கல்லீரல் செய்யவேண்டிய புரதங்கள் சிலவற்றையும் இதுவே செய்துதருகிறது. சேமித்து வைக்கும் பண்டகசாலை என்பதைவிட, வருவதை வாங்கி வாங்கிச் சமைத்துக் கொடுக்கும் அடுக்களை என்பதே இதற்குப் பொருந்தும்.

அடுத்த பணி இரத்தம். மனிதனின் முதற் குருதி அவன் உடலுக்குள்ளே தோன்றுவதில்லை. கருவின் மூன்றாம் வாரத்தில், இப்பையின் சுவரில் சிறு சிறு திட்டுகள் எழுகின்றன. மருத்துவ நூல்கள் அவற்றை 'இரத்தத் தீவுகள்' எனக் கூறும். அத்தீவுகளின் நடுவிலுள்ள அணுக்கள் முதற் சிவப்பணுக்களாகவும், ஓரத்திலுள்ளவை முதற் குருதிக் குழாய்களாகவும் உருவெடுக்கின்றன. தீவுகள் ஒன்றோடொன்று கைகோத்து ஆறுகளாகின்றன. கருவுக்குள் உண்டாகும் குழாய்களோடு இணைகின்றன. ஏறத்தாழ இருபத்திரண்டாம் நாளில் இதயம் துடிக்கத் தொடங்கும்போது, அது செலுத்துவதற்குரிய இரத்தத்தை இப்பை முன்னரே ஆயத்தப்படுத்தி வைத்திருக்கிறது. பின்னர் இப்பணியைக் கல்லீரல் ஏற்கிறது. அதன் பின்னர் எலும்பு மஜ்ஜை ஏற்கிறது. நம் உடலில் இன்று ஓடும் குருதி மஜ்ஜை தருவது. ஆனால் அத்தொழிலை முதலில் தொடங்கி வைத்தது மிளகளவு கொண்ட ஒரு பை.

மூளையிலும் அதன் சுவடு உண்டு. மூளையைத் துப்புரவு செய்து காக்கும் நுண்காவலர் அணுக்கள், பிற்காலத்து இரத்தத்திலிருந்து வருபவை அல்ல; கருவுணவுப் பையில் பிறந்த தொடக்ககால அணுக்களின் வழித்தோன்றல்களே என்பதை எலிகளில் நடந்த ஆய்வொன்று 2010-ஆம் ஆண்டில் நிறுவியது. மனிதரிடத்தும் அவ்வாறே என அறிஞர் கொள்கின்றனர்.

எல்லாவற்றினும் எங்களை வியப்பில் ஆழ்த்தியது வேறொன்று. அக்குழந்தை வளர்ந்து ஆளாகித் தாயாகவோ தந்தையாகவோ ஆவதற்கு வேண்டிய மூல அணுக்கள், கருவின் நான்காம் வாரத்தில், இப்பையின் சுவரில்தான் காணப்படுகின்றன. கரு மும்முரமாகத் தன் உடலை உருவாக்கிக்கொண்டிருக்கும் வேளையில், அவ்வணுக்கள் அந்தச் சந்தடியினின்று விலகி அங்கே ஒதுங்கியிருக்கின்றன. பின்னர்க் குடலின் சுவர் வழியாக மெல்ல ஊர்ந்து, ஆறாம் வார அளவில் கருவின் உடலுக்குள் தமக்குரிய இடத்தை அடைகின்றன. பெண் குழந்தையாயின் அங்கே கருமுட்டைகளாகும். ஆண் குழந்தையாயின் விந்தணுக்களின் மூலமாகும். ஆகவே ஒரு தாய் தன் கருவின் முதல் ஸ்கேனில் காணும் அந்த வெண்வளையம், அவளுடைய பேரப்பிள்ளைகளின் வித்தும் தங்கிச் செல்லும் சத்திரமாகும்.

ஓர் ஆயர் கண்ட வழி

இப்பையின் வரலாற்றில் திருச்சபையின் மைந்தர் ஒருவருக்கு இடமுண்டு என்பதை அறிந்தபோது பெரிதும் மகிழ்ந்தோம். நிக்கோலாஸ் ஸ்டேனோ என்பவர் 1638-ஆம் ஆண்டு டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனில் பிறந்தார். கூர்ந்து நோக்கும் கண்ணும் தேர்ந்த கையும் உடைய உடற்கூற்று அறிஞர். கன்னத்தின் எச்சில் சுரப்பியிலிருந்து வாய்க்கு வரும் நாளம் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. கோழிக் குஞ்சின் மஞ்சட்கரு ஒரு நாளத்தின் வழியாக அதன் குடலுக்குள் செல்கிறது என்பதை அவர் 1664-ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு மடலில் விளக்கினார். பெண்ணின் வயிற்றிலுள்ள அந்த இரு உறுப்புகளும், முட்டையிடும் உயிரினங்களின் முட்டையகத்துக்கு நிகரானவையே என்றும் 1667-இல் எழுதினார். அதே ஆண்டில் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தார். 1675-இல் குருவாகவும் 1677-இல் ஆயராகவும் திருநிலைப்படுத்தப்பட்டு, ஏழ்மையில் வாழ்ந்து, 1686-இல் மறைந்தார். 1988-ஆம் ஆண்டு திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவருக்கு அருளாளர் பட்டம் அளித்தார்.

ஸ்டேனோ கோழிக் குஞ்சில் கண்ட அந்த நாளம் மனிதக் கருவிலும் உண்டு. நான்காம் வாரத்தில் தட்டையான கரு உருண்டு மடங்கும்போது, கருவுணவுப் பையின் மேற்பகுதி கருவின் உடலுக்குள்ளேயே சேர்ந்து, குழந்தையின் குடலாகிவிடுகிறது. வெளியே எஞ்சிய பையும் உள்ளே சென்ற குடலும் ஒரு மெல்லிய நாளத்தால் இணைந்திருக்கும். நாள்கள் செல்லச் செல்ல அந்நாளம் நீண்டு, சுருங்கி, அறுந்து மறைகிறது. ஏறத்தாழ நூற்றுக்கு இருவர் உடலில் மட்டும் அதன் அடிப்பகுதி சிறுகுடலில் ஒரு சிறு பைபோல் ஒட்டிக்கொண்டு தங்கிவிடுகிறது. அதன் தோற்றத்தை 1809-ஆம் ஆண்டில் விளக்கிய மெக்கெல் என்னும் செருமானிய அறிஞரின் பெயரால் அதனை வழங்குகின்றனர். பலர் அது இருப்பதை அறியாமலே வாழ்ந்து முடிப்பர்.

நஞ்சுக்கொடி முழுமை பெற்று, கல்லீரலும் பணியேற்ற பின்னர், கருவுணவுப் பைக்கு வேலை இல்லை. பத்து வாரத்துக்குப் பின் அது சுருங்கத் தொடங்குகிறது. பன்னிரண்டு வார அளவில் ஸ்கேனில் தேடினாலும் கிடைப்பதில்லை. உறவினர் கூடி மகிழும் வளைகாப்பு வேளையில், இப்படி ஒன்று இருந்ததென்று எவரும் நினைப்பதுமில்லை. பிறந்த பின் நஞ்சுக்கொடிக்குக் கிடைக்கும் மரியாதைகூட இதற்குக் கிடைப்பதில்லை.

ஒரே படம், இரு முடிவு

இனி எங்கள் செய்திக்கு வருகிறோம். நாங்கள் இருவரும் சேர்ந்தே எழுதுகிறோம்; ஆதலால் யாருடைய கண் நனைந்தது, யாருடைய கை நடுங்கியது என்று பிரித்துச் சொல்லப்போவதில்லை.

2014-ஆம் ஆண்டு எங்களுக்கு முதற் கரு உண்டாயிற்று. ஆறு வாரம் என்ற கணக்கில் எடுத்த ஸ்கேனில் கருக்கூடு தெரிந்தது, கருவுணவுப் பை தெரிந்தது, கரு தெரியவில்லை. நாங்கள் சென்றிருந்த இடத்தில், "வளர்ச்சி இல்லை, நாளைக் காலையில் வெறும் வயிற்றோடு வந்து சேருங்கள், சுத்தம் செய்துவிடலாம்" என்று ஒரே மூச்சில் சொல்லி, அடுத்தவரை அழைத்துவிட்டனர். 'சுத்தம்' என்ற அந்தச் சொல் எங்கள் காதில் நெடுநாள் ஒலித்துக்கொண்டிருந்தது. அழுக்கை அன்றோ சுத்தம் செய்வர்?

அன்று மாலையே, அருட்சகோதரி ஒருவர் மருத்துவராகப் பணியாற்றும் சிறு மருத்துவமனைக்குச் சென்றோம். அவர் படத்தை விளக்கொளியில் நெடுநேரம் நோக்கினார். மாதவிலக்கு நாளைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். "இந்தப் படத்தை வைத்துக்கொண்டு 'உண்டு' என்றும் சொல்ல முடியாதம்மா, 'இல்லை' என்றும் சொல்ல முடியாது. இரண்டு வாரம் பொறுத்துக்கொள்ளுங்கள். நடுவில் வலி வந்தாலோ, உதிரம் அதிகம் பட்டாலோ, நள்ளிரவானாலும் வந்துவிடுங்கள்" என்றார். "காத்திருந்தால் தாய்க்கு ஏதும் ஆகாதே, சிஸ்டர்?" என்று கேட்டோம். "கருப்பைக்குள்தான் இருக்கிறது என்பதை இந்த வளையமே காட்டிவிட்டது. ஆகையால் பொறுக்கலாம்" என்றார்.

காத்திருந்தோம். பதின்மூன்றாம் நாள் மீண்டும் பார்த்தபோது கருக்கூடு பெரிதாகியிருந்தது, 26 மில்லிமீட்டர். அதனுள் கரு இல்லை. வளையம் மட்டும் ஒழுங்கிழந்து, கோணலாக இருந்தது. வாராத விருந்தாளிக்காக விளக்கேற்றிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அமர்ந்திருந்த முதிய பணியாளைப் போல எங்களுக்கு அது தோன்றிற்று. அருட்சகோதரி அதனைத் திரையில் காட்டி, மெல்லிய குரலில் உண்மையைச் சொன்னார். எங்கள் பங்குத்தந்தை இல்லம் வந்து செபித்தார். அழுதோம். ஆனால் 'ஒருவேளை இருந்திருக்குமோ, நாம் அவசரப்பட்டு விட்டோமோ' என்ற முள் மட்டும் எங்கள் நெஞ்சில் தைக்கவில்லை. அந்த இரண்டு வாரக் காத்திருப்பு எங்களுக்கு அளித்த கொடை அது.

இரண்டு ஆண்டுகள் சென்றன. மீண்டும் கரு, மீண்டும் ஸ்கேன், மீண்டும் அதே படம். கருக்கூடு, வெண்வளையம், கருவைக் காணோம். இரண்டு படங்களையும் அருகருகே வைத்தால் எது எதுவென்று எங்களால் கூற இயலாது. இம்முறை பன்னிரண்டு நாள் காத்திருந்தோம். பன்னிரண்டாம் நாள், மோதிரத்தின் ஓரத்தில் பதித்த சிறு கல்லைப் போல, அவ்வளையத்தை ஒட்டி ஒரு வெண்புள்ளி இருந்தது. அப்புள்ளியின் நடுவே ஏதோ மினுக்கிற்று. "அதுதான் இதயம்" என்றார் அருட்சகோதரி. அம்மகள் இன்று பள்ளி செல்கிறாள்.

இரண்டாம் முறை எங்கள் செபம் கேட்கப்பட்டது, முதல் முறை கேட்கப்படவில்லை என்று நாங்கள் கருதவில்லை. ஒரே படத்துக்கு இரண்டு முடிவுகள் இருக்கக்கூடும். எம்முடிவு என்பதை நாள் ஒன்றே சொல்லும் என்பதைத்தான் கற்றுக்கொண்டோம்.

பதினொரு நாள் நெறி

அருட்சகோதரி எங்களிடம் கூறியது அவருடைய இரக்கத்தின் பேச்சு மட்டும் அன்று. மருத்துவ நெறியும் அதுவே. தொடக்ககாலக் கருவின் ஸ்கேனை எவ்வாறு பொருள்கொள்வது என்று ஆராய 2012-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வல்லுநர் குழு ஒன்று கூடிற்று. அதன் முடிவுகள் 2013-இல் வெளியாயின. உயிரோடு இருக்கக்கூடிய ஒரு கருவைக்கூட 'இல்லை' என்று தவறாகத் தீர்ப்பிடலாகாது என்பதே அக்குழுவின் நோக்கம். அளப்பவர்க்கு அளப்பவர் ஓரிரு மில்லிமீட்டர் வேறுபடுவது இயல்பு. அதனால், அதற்கு முன்னர் வழக்கிலிருந்த சிறிய அளவுகளைக் கைவிட்டு, ஐயத்துக்கு இடமில்லாத பெரிய அளவுகளை அவர்கள் வகுத்தனர்.

அவற்றுள் முதன்மையானவை நான்கு. உட்புற ஸ்கேனில் கருவின் நீளம் 7 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தும் இதயத் துடிப்பு இல்லாதிருத்தல். கருக்கூட்டின் சராசரிக் குறுக்களவு 25 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தும் கரு இல்லாதிருத்தல். முதல் ஸ்கேனில் கருவுணவுப் பை இல்லாத கருக்கூடு மட்டும் தெரிந்திருந்தால், இரண்டு வாரமோ அதற்கு மேலோ கழிந்தும் துடிப்புள்ள கரு தோன்றாமை. முதல் ஸ்கேனில் கருவுணவுப் பையும் தெரிந்திருந்தால், 11 நாளோ அதற்கு மேலோ கழிந்தும் துடிப்புள்ள கரு தோன்றாமை. இவற்றுள் ஒன்றேனும் காணப்பட்டால்தான் கரு நிலைக்கவில்லை என உறுதியாகச் சொல்லலாம். இந்நான்காம் நெறியில் அச்சிறு பை ஒரு நாள்காட்டியாகவே பயன்படுவதைக் காண்க. அது தெரிந்த நாளிலிருந்து எண்ணத் தொடங்குகிறார் மருத்துவர். பையின் அளவு 7 மில்லிமீட்டருக்கு மேற்பட்டாலோ, வடிவம் கோணலானாலோ அவர் கவலை கொள்வார்; ஆனால் அதை மட்டும் கொண்டு தீர்ப்புச் சொல்லார்.

இங்கே ஓர் எச்சரிக்கை கூறாமல் விடுவது தகாது. காத்திருத்தல் என்பது மருத்துவரின் கண்காணிப்பில் காத்திருத்தலே. ஸ்கேனில் கருப்பைக்குள் ஒன்றுமே தெரியாதிருக்கும்போது, கருக்குழாயில் கரு தங்கியிருக்கக் கூடும். அது தாயின் உயிருக்கே ஊறு விளைவிக்கும். அடிவயிற்றில் கடும் வலி, தோள்பட்டை வலி, தலைசுற்றி மயக்கம், மிகுந்த உதிரப்போக்கு, காய்ச்சல் இவற்றுள் ஏதேனும் தோன்றினால் ஒரு நாழிகையும் தாழ்த்தாமல் மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும். பொறுமை வேறு; அசட்டை வேறு.

குடும்பங்களுக்கு ஒரு விண்ணப்பம்

அறியப்பட்ட கருக்களுள் நூற்றுக்குப் பத்து முதல் இருபது வரை நிலைக்காமல் போகின்றன; அவற்றுள் மிகப் பெரும்பாலானவை முதல் பன்னிரண்டு வாரத்துக்குள். நம் பங்குகளில், ஞாயிறு திருப்பலிக்கு வரும் தாய்மாருள், இவ்விழப்பை மௌனமாகச் சுமப்போர் எத்தனையோ பேர். அத்தொடக்ககால இழப்புகளுள் ஏறத்தாழப் பாதிக்குக் காரணம், கருத்தரிக்கும் வேளையிலேயே குரோமோசோம்களில் நேர்ந்துவிட்ட பிழை. அதனைத் தாய் செய்யவுமில்லை. அவளால் தடுத்திருக்கவும் இயலாது. ஆயினும் நம் வீடுகளில் முதலில் எழும் கேள்வி என்ன? "பப்பாளி தின்றாயா? பேருந்தில் போனாயா? குடம் தூக்கினாயா? கையை உயர்த்தித் துணி காயப்போட்டாயா?" என்பதே. அன்பினால் கேட்பதாகவே பெரியவர்கள் எண்ணுகின்றனர். கேட்கப்படும் பெண்ணுக்கோ ஒவ்வொரு கேள்வியும் ஒரு குற்றச்சாட்டு. எங்கள் வீட்டிலும் அக்கேள்விகள் எழுந்தன. "போதும், அவளை விடுங்கள், உடம்பு தேறட்டும்" என்று மாமியார் ஒருமுறை குறுக்கிட்டுச் சொன்ன சொல்லை இன்றுவரை நன்றியோடு நினைக்கிறோம்.

செய்யக்கூடியவற்றை முன்கூட்டியே செய்தல் நன்று. பெண் தான் கருவுற்றிருப்பதை அறியும்போது, இப்பை தன் பணியில் பாதியை முடித்திருக்கும். குழந்தையின் தண்டுவடமும் மூளையும் உருவாகத் தொடங்கியிருக்கும். ஆகவே மகப்பேற்றை விரும்பும் பெண், கருத்தரிப்பதற்கு முன்னிருந்தே ஃபோலிக் அமில மாத்திரையை, நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் அளவில், மருத்துவரிடம் கேட்டு உட்கொள்ளலாம். நீரிழிவு உடையவர், கருத்தரிப்பதற்கு முன்னரே சர்க்கரையின் அளவைக் கட்டுக்குள் கொணர்தல் இன்றியமையாதது. கணவன் புகைப்பதை நிறுத்துவதும் அதே காலத்தில் தொடங்க வேண்டியதே.

கரு நிலைக்காத வீட்டில், "அது வெறும் இரத்தக் கட்டிதான், அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம்" என்று ஆறுதல் கூறாதீர். அவ்வில்லத்தார் சில நாள்களேனும் அதனைத் தம் பிள்ளையாக எண்ணி வாழ்ந்திருக்கின்றனர். அருகில் அமர்ந்து, சமைத்துக் கொடுத்து, அழுதால் அழவிட்டு, அவர்களோடு செபித்தால் அதுவே போதும்.

கரு தெரியாமல் வளையம் மட்டும் தெரிந்த அறிக்கையோடு வீடு திரும்பும் இளம் மனைவிக்கோ, எந்தச் செய்தியும் இன்னும் உறுதியாகவில்லை. வாழ்த்தவும் இயலாது, தேற்றவும் இயலாது. அவள் உடலுக்குள் ஒரு சிறு பை, தான் செய்வதன் முடிவு இன்னதென்று அறியாமலே, இரவும் பகலும் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. வெளியே நாம் செய்யத்தக்கதும் அதுபோன்ற ஒன்றுதான். கணவன் வேலைக்கு விடுப்பு எடுத்தேனும் அடுத்த ஸ்கேனுக்கு உடன் செல்லட்டும். மாமியாரும் நாத்தனாரும் அடுக்களை வேலையைப் பகிர்ந்துகொள்ளட்டும். எவரும் எதையும் கிண்டிக் கேட்க வேண்டாம். அந்தப் பதினொரு நாளும் அவளைத் தனியே விடாதீர்.